‘ஆல்ஃபா’ ஆகிவிட்டால் ஸ்ட்ரெஸ் தீருமா? கென்யாவின் குரங்குக் கூட்டம் சொல்வது வேறு கதை

இன்ஸ்டாகிராமில் ‘கார்ட்டிசோல்’ என்று ஒரே ஒரு தடவை தேடிப் பாருங்கள். அடுத்த பத்து நாளைக்கு உங்கள் ஃபோன் வேறு எதையும் காட்டாது. முகம் உப்பியிருந்தால் கார்ட்டிசோல், தொப்பை விழுந்தால் கார்ட்டிசோல், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தால் அதுவும் கார்ட்டிசோல். கூடவே தீர்வும் விற்பனைக்கு வரும். ஏதோ ஒரு மாத்திரை, ஏதோ ஒரு பவுடர், ஐஸ் தண்ணீர்க் குளியல். இன்னொரு பக்கம் பாட்காஸ்ட் அண்ணன்கள். அவர்கள் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் எழுதித் தருவார்கள்: ‘ஆல்ஃபா’ ஆகு, மேலே ஏறு, அடங்கிப் போகாதே.

இந்த இரண்டு கடைக்காரர்களும் துணைக்கு அழைப்பது விலங்கு ஆராய்ச்சியை. ‘குரங்குக் கூட்டத்தில் உச்சியில் இருப்பவனுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறைவு’ என்பது இவர்கள் அடிக்கடி சொல்லும் வரி. அந்த வரி முழுப் பொய் இல்லை. ஆனால் நாற்பது வருட ஆராய்ச்சியின் முதல் அத்தியாயத்தை மட்டும் கிழித்து எடுத்து வந்தது. மீதி அத்தியாயங்களையும் படித்தால், வேலைக்குப் போகிற நமக்கு அது சொல்லும் சேதி வேறு. உங்கள் உடம்பில் ஓடும் அந்த ஹார்மோன் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட, உங்களைச் சுற்றியிருக்கும் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

வரிக்குதிரைக்கு வராத வியாதி

முதலில் கார்ட்டிசோல் ஒரு வில்லன் இல்லை. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளில் இருந்து வருவது. ஆபத்து வந்தால் முதல் சில விநாடிகளில் அட்ரினலின் பாயும். அடுத்த சில நிமிடங்களில் கார்ட்டிசோல் வந்து சேரும். சேமிப்பில் இருக்கும் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும். செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் மாதிரி ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ வகை வேலைகளை நிறுத்தி வைக்கும். வீட்டில் தீப்பிடித்தால் யாரும் ஒட்டடை அடிக்க மாட்டார்கள், அந்தக் கணக்கு.

காலையில் எழும்போது இது இயல்பாகவே உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி மிகக் கீழே இறங்கும். அதனால் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ‘எனக்கு கார்ட்டிசோல் அதிகம்’ என்று முடிவு கட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை. உண்மையிலேயே அளவு மீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்குறியும், போதாமல் போகும் அடிசன் நோயும் இருக்கின்றன. அவற்றை டாக்டர் முறையாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், ரீல்ஸ் அல்ல.

சிக்கல் எப்போது வருகிறது? சிங்கம் துரத்தும்போது வரிக்குதிரைக்குக் கார்ட்டிசோல் ஏறும். தப்பித்துவிட்டால் இறங்கிவிடும், அது மறுபடி புல் மேயப் போய்விடும். அடுத்த மாத இ.எம்.ஐ. பற்றியோ, வெள்ளிக்கிழமை வரப்போகும் அப்ரைசல் பற்றியோ அதற்குக் கவலை இல்லை. மனிதன் சிங்கமே இல்லாமல் அதே ஹார்மோனை மாதக்கணக்கில் ஓட விடுகிறான். ரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, மாதவிடாய் தப்புகிறது, நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது. இந்த வரிக்குதிரை ஒப்பீட்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் ராபர்ட் சபோல்ஸ்கி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். வரிக்குதிரைகளுக்கு ஏன் அல்சர் வருவதில்லை என்று தலைப்பிலேயே கேட்கும் அவருடைய புத்தகம் 1994-ல் வந்தது.

ஊதுகுழலும் கைக்கடிகாரமும்

சபோல்ஸ்கி கென்யாவின் மசாய் மாரா பகுதிக்கு முதலில் போனது 1978-ல். அப்போது அவருக்கு 21 வயது. அதற்கப்புறம் இருபது வருடங்களுக்கும் மேலாக, கோடைக்காலம் வந்தால் அங்கே கூடாரம் போட்டுவிடுவார். பார்க்கப் போனது பபூன்களை. நம்ம ஊர் நாடக மேடை பபூன் இல்லை. நாய் மாதிரி நீண்ட மூஞ்சியும் கத்தி மாதிரி கோரைப் பற்களும் உள்ள ஒரு பெரிய குரங்கினம்.

ஏன் பபூன்? அந்தப் புல்வெளியில் ஒரு பபூனுக்குச் சாப்பாடு தேட ஒரு நாளில் நாலு மணி நேரம் போதும். கூட்டமாக வாழ்வதால் சிங்கம், சிறுத்தை பயமும் ஓரளவு குறைவு. மிச்ச நேரம் முழுக்க ஒன்றை ஒன்று படுத்தி எடுப்பதுதான் வேலை. அதாவது அவற்றின் ஸ்ட்ரெஸ் பசியாலோ வேட்டை விலங்காலோ வருவதைவிட, சக பபூன்களால் வருவதே அதிகம். ஆபீஸ் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேலை லேசானது இல்லை. ஊதுகுழலில் மயக்க ஊசி வைத்து, பபூன் வேறு பக்கம் பார்க்கும்போது ஊதி அடிக்க வேண்டும். ஊசி பட்ட அதிர்ச்சியே கார்ட்டிசோலை ஏற்றிவிடும் என்பதால், மயங்கிய சில நிமிடங்களுக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். ஹார்மோன் நாள் முழுக்க ஏறி இறங்குவதால், எல்லா விலங்குக்கும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். அன்றைக்குச் சண்டை போட்டிருக்கக் கூடாது, இணை சேர்ந்திருக்கக் கூடாது, உடம்பு சரியில்லாமலும் இருக்கக் கூடாது. ஒரு சுத்தமான எண்ணுக்காக இவ்வளவு பாடு. விரலைக் குத்தி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட்டை விற்பவர்கள் இந்த ஒரு பத்தியை விளம்பரத்தில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கிடைத்த முடிவு இது. அடுக்கு நிலையாக இருக்கும் காலத்தில், கீழ்மட்ட ஆண் பபூன்களுக்குச் சும்மா இருக்கும்போதே கார்ட்டிசோல் அதிகம். உண்மையான ஆபத்து வரும்போது ஏறுவதும் மந்தம், முடிந்த பிறகு இறங்குவதும் மந்தம். 1987-ல் வந்த ஆய்வில், அவற்றின் ரத்தத்தில் ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் ஹெச்.டி.எல். குறைவாக இருந்ததும் தெரியவந்தது. ஆக, அடி வாங்கும் இடத்தில் இருப்பது உடம்பில் எழுதப்படுகிறது.

பாட்காஸ்ட் அண்ணன்கள் இந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். சபோல்ஸ்கி நிறுத்தவில்லை. அடுக்கு குலைந்து, யார் பெரியவன் என்று தினமும் சண்டை நடக்கும் காலத்தில் கணக்கு தலைகீழாகிறது: அப்போது ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எகிறுவது மேல்மட்டத்துக்குத்தான். அப்படியானால் பபூனின் உடம்பு கவனிப்பது வெறும் பதவியை அல்ல. அந்தப் பதவி எந்த மாதிரி கூட்டத்தில் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான்.

மூணாவது இடத்துக் குரங்கு

ஒரே அந்தஸ்தில் இருக்கும் இரண்டு ஆண் பபூன்களுக்கும் ஒரே அளவு ஹார்மோன் இல்லை என்பதையும் அவர் கவனித்தார். எதிரி பக்கத்தில் வந்து பல்லைக் காட்டுவதற்கும், நூறடி தள்ளிப் படுத்துத் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரிந்த பபூனுக்குக் கார்ட்டிசோல் குறைவு. எதிரி தூங்கினாலும் பதறுகிறவனுக்கு அதிகம். பெண் குரங்குகளோடு உட்கார்ந்து பேன் பார்த்து, குட்டிகளோடு விளையாடிப் பொழுதைக் கழிப்பவனுக்கும் குறைவு. மனசுக்கு இதமான கண்டுபிடிப்புதான் இது.

இன்னொன்று இதமாக இல்லை. சண்டையில் தோற்ற பிறகு, தன்னைவிடக் கீழே இருக்கும் ஒருவனைப் போய்க் கடிக்கும் பபூனுக்கும் கார்ட்டிசோல் குறைவாகவே இருந்தது. மேலதிகாரி திட்டினால் வீட்டில் பாத்திரம் உருளும் என்பார்களே, அது உடம்பளவில் வேலை செய்கிறது. ஒருவனுடைய ஸ்ட்ரெஸ் குறைந்தது என்பது அது காணாமல் போனது என்றாகாது. பல சமயம் அது கீழே இறக்கி வைக்கப்படுகிறது. ‘எங்க டி.எல். எப்பவும் கூலா இருப்பாரு’ என்று சொல்வதற்கு முன்னால், அவர் டீமில் யார் கூலாக இல்லை என்று பார்ப்பது நல்லது.

ஆண்மையின் ஹார்மோன் என்று விற்கப்படும் டெஸ்டோஸ்டிரோன் கதையும் இப்படித்தான். சபோல்ஸ்கி அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஒரு சோதனை உண்டு. ஐந்து ஆண் குரங்குகள் உள்ள ஒரு கூட்டம். யார் யாருக்குக் கீழே என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மூணாவது இடத்தில் இருக்கும் குரங்குக்கு டெஸ்டோஸ்டிரோனை அள்ளிக் கொடுக்கிறார்கள். சண்டை கூடுகிறது. ஆனால் அது ஒன்றாம், இரண்டாம் இடத்துக்காரர்களிடம் மோதப் போவதில்லை. நாலாவதையும் ஐந்தாவதையும் போட்டு வதைக்கிறது, அவ்வளவுதான். ஹார்மோன் வீரத்தைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அநியாயத்தின் சத்தத்தைக் கூட்டியது.

போகிற போக்கில் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. இந்த ஓநாய் மோகம் 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதிய ஆய்விலிருந்து வருகிறது. அவர் பார்த்தவை ஸ்விட்சர்லாந்தின் பாஸல் மிருகக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்கள். 1970-ல் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அந்தச் சொல்லை ஊரெல்லாம் பரப்பியது. பிறகு காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பார்த்த அதே மெக், 1999-ல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்களின் பிள்ளைகள். அதில் ‘ஆல்ஃபா’ என்பது பெற்றோருக்கு இன்னொரு பெயர். இந்தத் திருத்தம் வந்து கால் நூற்றாண்டு ஆகியும் சில பேருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

உச்சியிலும் வலிக்கும்

கென்யாவிலேயே அம்போசெலி என்ற இடத்தில் இன்னொரு பெரிய பபூன் ஆய்வு 1971-லிருந்து இடைவிடாமல் நடக்கிறது. ஜீன் ஆல்ட்மனும் ஸ்டூவர்ட் ஆல்ட்மனும் தொடங்கியது; பிறகு சூசன் ஆல்பர்ட்ஸ் போன்றவர்கள் கைகோத்தார்கள். இங்கே மயக்க ஊசி தேவைப்படவில்லை. பபூன் மலம் கழித்துவிட்டுப் போனதும் அதை எடுத்து வந்து, அதில் கலந்திருக்கும் ஹார்மோன் எச்சத்தை அளக்கிறார்கள். விலங்கைத் தொடவே வேண்டாம். ரத்தம் அந்த நிமிடத்தைக் காட்டும் என்றால், மலம் முந்தைய சில மணி நேரங்களின் சராசரியைக் காட்டும். பதற்றம் கலக்காத அளவு.

125 ஆண் பபூன்களை 9 ஆண்டுகள் தொடர்ந்து அளந்த முடிவு 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பொதுவாக மேலே போகப் போக ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறைகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது, உச்சியில். முதலிடத்து ஆணுக்கு இரண்டாமிடத்து ஆணைவிட மிக அதிகம். அடுக்கு நிலையாக இருந்த காலத்திலும் அப்படித்தான். பதவியைக் காப்பாற்றுவதற்கான சண்டை, துணையை வேறு எவனும் நெருங்காமல் காவல் காப்பது, இதற்கெல்லாம் ஆகும் செலவு அது. சபோல்ஸ்கி அதே இதழில் இந்த ஆய்வைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தன் பழைய சித்திரத்துக்கு இடைஞ்சலான முடிவு என்று அவர் முகம் சுளிக்கவில்லை. தலைப்பிலேயே சி.இ.ஓ.க்களுக்கு அனுதாபம் தெரிவித்தார்.

அடுத்த வருடமே இன்னொரு முடிச்சு. 27 வருடக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்ததில், அந்த ஸ்ட்ரெஸ் மிகுந்த முதலிடத்து ஆண்களுக்குத்தான் காயம் சீக்கிரம் ஆறியது. கார்ட்டிசோல் அதிகமென்றால் காயம் ஆறத் தாமதமாகும் என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கே எடுபடவில்லை. ஹார்மோன் ஒன்று, அது வந்த வழி வேறு வேறு என்றால், விளைவும் வேறாகிறது.

பெண் பபூன்கள் விஷயத்தில் ஆய்வு இன்னும் கூர்மையானது. அங்கே பெண்ணின் அந்தஸ்து தாயிடமிருந்து வருகிறது, கிட்டத்தட்டப் பரம்பரைச் சொத்து. குட்டிப் பருவத்தில் வறட்சி, தாயின் மரணம், தாய் கீழ்மட்டத்தில் இருப்பது, தாய்க்கு நட்பில்லாமல் இருப்பது, சீக்கிரமே இன்னொரு குட்டி பிறப்பது, கூட்டத்தில் நெரிசல் என்று ஆறு கஷ்டங்களை எடுத்துக்கொண்டார்கள். இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ பட்ட பெண் பபூன்கள், மற்றவற்றைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாகவே இறந்துபோனதாக 2016-ல் வந்த ஆய்வு சொல்கிறது. காட்டில் 25 வயதைத் தொடுவதே பெரிதாக இருக்கும் விலங்குக்கு 10 ஆண்டு. 2021-ல் வந்த ஆய்வு இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியைத் தொட்டது: 242 பெண் பபூன்களில், வாழ்நாள் முழுக்க ஸ்ட்ரெஸ் ஹார்மோன் உயர்ந்தே இருந்தவற்றின் ஆயுள், குறைந்தே இருந்தவற்றைவிட 5 ஆண்டுக்கும் மேல் குறைவு. அந்தக் குட்டி எந்த பாட்காஸ்ட் கேட்டிருந்தால் இது மாறியிருக்கும்?

யானைச் சாணம் சொன்னது

மலத்தில் ஹார்மோன் பார்க்கும் இந்த முறை நமக்கு அந்நியமில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சஞ்சீதா சர்மா போக்ரேல், ராமன் சுகுமார் குழு, முதுமலை, பந்திப்பூர் காடுகளில் திரியும் யானைகளின் சாணத்தில் இதைச் செய்தது. யானையைப் பார்த்து, எலும்பு எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று உடல்நிலைக்கு மதிப்பெண் போடுவார்கள். அது போட்ட சாணத்தை எடுத்து அளப்பார்கள். 2017-ல் வந்த முடிவு எதிர்பார்த்ததுதான்: மெலிந்த யானைக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகம், அதுவும் தீவனம் காய்ந்துபோகும் கோடையில் யானைகள் மெலிந்துதான் இருக்கின்றன.

2019-ல் வந்த அடுத்த முடிவு யாரும் எதிர்பார்க்காதது. கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் வயல்களுக்குள் புகுந்து மேயும் யானைகளை, காட்டுக்குள்ளேயே இருக்கும் யானைகளோடு ஒப்பிட்டார்கள். பட்டாசு, விரட்டல், வேலி, கூச்சல் எல்லாம் பார்க்கும் வயல் யானைக்குத்தானே ஸ்ட்ரெஸ் அதிகமாக இருக்க வேண்டும்? அளந்து பார்த்தால் குறைவாக இருந்தது. நெல்லும் மற்ற பயிர்களும் காட்டுத் தீவனத்தைவிடச் சத்தானவை. அந்தச் சாப்பாடு ஸ்ட்ரெஸ்ஸை ஈடுகட்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஹார்மோன் எண்ணை மட்டும் பார்த்தால், யானைகளுக்கு வயல்தான் நல்லது என்று சொல்லிவிடலாம். மின்வேலியில் சிக்கிச் செத்த யானையையும், யானை மிதித்து இறந்த விவசாயியையும் அறிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எண் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் ‘உங்கள் ஸ்ட்ரெஸ் 32’ என்று காட்டும்போதும் இதே கதைதான்.

குப்பை மேட்டுக்குப் போனவர்கள்

சபோல்ஸ்கியின் வாழ்நாள் வேலையில் என்னை மிகவும் பாதித்தது வேறொரு சம்பவம். அது ஒரு விபத்து.

அவர் பார்த்துவந்த ஒரு கூட்டத்துக்கு ‘ஃபாரஸ்ட் ட்ரூப்’, அதாவது வனக் கூட்டம் என்று பெயர். பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. விடுதியின் குப்பைக் குழியில் மிஞ்சிய இறைச்சியும் சோறும் கொட்டப்படும். அதைச் சுற்றி இன்னொரு பபூன் கூட்டம் குடியேறிவிட்டது. தினமும் காலையில் வனக் கூட்டத்தின் ஆண்களில் சிலர் மட்டும் அங்கே போய்ச் சண்டை போட்டு, குப்பையில் பங்கு பிடுங்கித் தின்றுவிட்டு வருவார்கள். போனவர்கள் யார்? கூட்டத்திலேயே மூர்க்கமானவர்கள், பேன் பார்ப்பதற்கும் ஒட்டி உட்கார்வதற்கும் நேரம் ஒதுக்காதவர்கள். காலை வேளை என்பது பபூன்கள் சொந்தபந்தத்தோடு உட்காரும் நேரம். அதை விட்டுவிட்டுப் போக மனசு வந்தவர்கள்தான் போனார்கள்.

1983-ல் குப்பையில் கலந்த நோய்ப்பட்ட இறைச்சியால் காசநோய் பரவியது. குரங்குகளுக்குக் காசநோய் வந்தால் வேகமாகக் கொன்றுவிடும். 1986-க்குள் வனக் கூட்டத்தின் வளர்ந்த ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். குப்பைக்குப் போன ஒருவர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது பெண்களும் குட்டிகளும், அமைதியான ஆண்களும். கூட்டத்தின் குணமே மாறியது. மனம் கேட்காமல் சபோல்ஸ்கி அந்தக் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

1993-ல் திரும்பி வந்து பார்த்தால் கூட்டம் இன்னும் அமைதியாகவே இருந்தது. இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். ஆண் பபூன்கள் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். 1993-ல் அங்கே இருந்த வளர்ந்த ஆண்களில், காசநோய்க் காலத்தில் பிழைத்தவர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் வெளியே, வழக்கமான அடிதடிக் கூட்டங்களில் வளர்ந்து வந்தவர்கள். வந்த இடத்தின் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேல் கீழ் அடுக்கு அங்கேயும் இருந்தது, சண்டையும் இருந்தது. ஆனால் பெரியவன் தன் பக்கத்து இடத்துக்காரனோடுதான் மோதினான். ஆகக் கடைசியில் இருப்பவனைத் தேடிப் போய் அடிக்கவில்லை. பெண்களின் மேல் கோபத்தைக் காட்டுவதும் குறைவு. சேர்ந்து உட்காருவதும் பேன் பார்ப்பதும் அதிகம். சபோல்ஸ்கியும் அவர் மனைவி லிசா ஷேரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் முக்கியமான வரி ஹார்மோன் பற்றியது: மற்றக் கூட்டங்களில் கீழ்மட்ட ஆண்களிடம் காணும் ஸ்ட்ரெஸ் அடையாளங்கள் இந்தக் கூட்டத்தின் கீழ்மட்ட ஆண்களிடம் இல்லை. பதவி அதே கடைசி இடம்தான், உடம்பு மட்டும் வேறு.

புதிதாக வந்தவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பாடம் நடத்தியதாக எதுவும் தெரியவில்லை. அடி வாங்காத பெண்கள் பதற்றம் இல்லாமல் இருந்தார்கள். அதனால் மற்றக் கூட்டங்களைவிட மிகச் சீக்கிரமாகவே புதியவனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள், பேன் பார்த்தார்கள். அப்படி வரவேற்கப்பட்டவன் முறைப்பதற்குக் காரணம் இல்லாமல் போயிருக்கலாம்.

இது ஒரே ஒரு கூட்டத்தில் நடந்தது. சோதனைக்கூடத்தில் திரும்பச் செய்து பார்க்க முடியாதது. அதைப் பெரிய விதியாக்கக் கூடாது. ‘மோசமான மேனேஜர்கள் எல்லாம் ஒழியட்டும்’ என்று சிரித்துக்கொண்டே ஃபார்வர்டு செய்யவும் இது நகைச்சுவைத் துணுக்கு இல்லை. ஆனால் ‘மேலே இருப்பவன் மிதிப்பான், கீழே இருப்பவன் தாங்குவான், இதுதான் இயற்கை’ என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கூட்டமே போதுமான மறுப்பு. இயற்கை என்று சொல்லித் தப்பிக்கப் பபூன்கூட உதவவில்லை.

ராத்திரி பத்து மணி மெசேஜ்

மனிதனுக்கு இது பொருந்துமா? லண்டனில் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வுகள் இருக்கின்றன. முதல் ஆய்வு 1967-ல் சுமார் 18,000 ஆண் ஊழியர்களோடு தொடங்கியது. எல்லோருக்கும் நிலையான வேலை, எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம். அப்படியும் கடைசிப் படியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் முதல் படியில் இருந்தவர்களைப்போல மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளி முழுசாக மறையவில்லை. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு காரணத்தைத் தோண்டியது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் சொல்ல இடமில்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று கண்டது.

ஜே வைஸ் எலிகளை வைத்துச் செய்த பழைய சோதனைகளும் இதையே சொல்கின்றன. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு, ஒரே எண்ணிக்கை மின்அதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு சமிக்ஞை வரும். அந்த எலிக்கு வயிற்றுப்புண் குறைவு. சமிக்ஞை இல்லாத நேரத்திலாவது அது நிம்மதியாக இருந்தது. எச்சரிக்கை இல்லாத எலிக்கு எல்லா நேரமும் அபாய நேரம்.

இனி உங்கள் ஃபோனுக்கு வாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேலதிகாரியிடமிருந்து ஒரு மெசேஜ்: ‘நாளைக்குக் காலைல கொஞ்சம் பேசணும்.’ என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ராத்திரி உங்களுக்கு ஏறும் கார்ட்டிசோலுக்கு நீங்கள் அஸ்வகந்தா தேடுகிறீர்கள். ‘அடுத்த மாச லீவ் பத்தி’ என்று நாலு வார்த்தை சேர்த்து அவர் அனுப்பியிருந்தால் நீங்கள் தூங்கியிருப்பீர்கள். மருந்து இருந்தது யார் கையில்?

நிறுவனங்கள் யோகா வகுப்பு நடத்தட்டும், தியான ஆப்-க்குச் சந்தா கட்டட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். தூக்கமும் நடையும் அதைவிட நல்லது. என் சண்டை, ஸ்ட்ரெஸ் என்றாலே ஊழியரின் உடம்பில் இருக்கும் கோளாறு என்று பேசும் அந்தப் பேச்சோடுதான். வெல்னஸ் வாரத்தில் ‘ரெசிலியன்ஸ்’ பயிற்சி எப்போதும் அடி வாங்குபவருக்குத்தான் நடக்கிறது. அடிப்பவரை உட்கார வைத்து யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. சபோல்ஸ்கி கீழ்மட்டப் பபூன்களுக்கு ஐஸ் குளியல் கொடுத்துப் பார்க்கவில்லை. மேலே இருந்தவர்களின் நடத்தை மாறிய கூட்டத்தில், கீழே இருந்தவர்களின் ரத்தம் தானாக மாறியிருந்தது.

எனவே, இந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்ட விரும்பும் மனிதவளத் துறையினர் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகள் நிறையவே இருக்கின்றன. ஷிஃப்ட் பட்டியலை முந்தின ராத்திரி மாற்றாமல் இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். டீமில் வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையை அந்த டீம் லீடின் அப்ரைசலில் சேருங்கள். எல்லோர் முன்னாலும் கத்துகிறவருக்கு ‘ரிசல்ட் கொண்டுவர்றாரே’ என்று புரமோஷன் கொடுப்பதை நிறுத்துங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் வைக்காதீர்கள். ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, குழம்பைப் பரிமாறிக்கொண்டு அரை மணி நேரம் வெட்டிக்கதை பேசுவது, பபூன்கள் காலையில் உட்கார்ந்து பேன் பார்ப்பதற்கு நம்மிடம் இருக்கும் மாற்று. அந்த அரை மணி நேரத்தைக் காலண்டரில் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள எந்த ஆப்பும் வாங்க வேண்டியதில்லை.